நாகஸ்வரம் வராத இடம்

சிவசங்கரி மீன் விற்று முடித்துவிட்டு மார்க்கெட்டிலிருந்து நேராக முத்தியால்பேட்டையில் கோபிநாத்தின் ஒலிப்பதிவு அறைக்கு வந்திருந்தாள். காலிக் கூடையை வாசலுக்கு வெளியே வைத்தாள். அறைக்குள் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"பாட்டு முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"பாடியாச்சு அண்ணி. இன்னும் சரி பண்ற வேல இருக்கு," என்றான் கோபிநாத்.

வீராம்பட்டினத்து ஆடித் திருவிழாவுக்கான பாட்டு அது. எழுதி மெட்டமைத்தவன் அவள் கணவன் வெற்றிவேல். பம்பைக்காரர்கள் இடம் தப்பாமல் அடிக்க வேண்டும் என்பதற்காக இதே அறையில் மாதிரிக்கு ஒருமுறை பாடிக் கொடுத்தான். அவர்கள் அதை ஹெட்போனில் கேட்டபடி அடித்தார்கள். அவனது குரலைப் பிறகு நிதானமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பேச்சு. மாசியில் அவன் மீன்பிடிக்கப் போன படகு கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சித்திரையில் கருமாதி செய்தார்கள். பாட்டை இப்போது ஆகாஷ் என்ற கல்லூரி மாணவன் பாடியிருந்தான்.

"அவரு கொரல் அதுல இருக்கா?"

"மாதிரிக்குப் பாடுனத அழிச்சிட்டேன்."

"சுத்தமாவா?"

கோபிநாத் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். "பம்பை மைக்ல லேசா ஏறியிருக்கும். அதையும் எடுத்துடலாம்."

"எடுத்துடு. திருவிழான்னா தெருவுக்குத் தெரு கொழா ஸ்பீக்கர் கட்டுவானுங்க. எங்க வூட்டு எதிர் போஸ்ட்டுலயும் கட்டுவானுங்க. இந்த வருசம் நாங்க கோயிலுக்குப் போவக் கூடாது. வூட்லதான் கெடக்கணும். காதப் பொத்திக்கினு எத்தினி நாளு உக்கார்றது?"

"புரியுது அண்ணி."

"ஒனக்குப் புரியாது. வந்துடுவாருன்னு கதவத் தெறந்தே போட்டுக்கினு கெடந்தேன். கருமாதி ஆயியும் தெறந்துதான் கெடந்துச்சு. இப்பத்தான் சாத்திக்கினு படுக்கறேன். தூங்கறேன் தம்பி. அதக் கெடுத்துடாத."

"மாட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். "கோபி பொட்டியில போட்டா நாய் கொலச்சாலும் ராகமாயிடும்னு சொல்வாரு ஒங்க அண்ணன்," என்றாள். சிரிக்கப் போவதுபோல் இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கோபிநாத் பம்பையை மட்டும் தனியாக ஓடவிட்டான்.

அடிக்கும் அடிக்கும் நடுவே குரல் இருந்தது. பம்பைக்காரர்கள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறியது. நெஞ்சு இல்லாத குரல். மேல் பாதி மட்டும். பாட்டு வரிகளில் ஆகாஷின் குரல் அதை மூடிவிடும். இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் இடையில் மூட ஒன்றுமில்லை. அங்கே நாகஸ்வரம் வர வேண்டும். அதன் மெட்டை வெற்றிவேல் நாகஸ்வரக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தது. அவன் போன பிறகு நாகஸ்வரம் பதிவாகவில்லை. அந்த இடத்தில் பம்பை தனியாக அடித்தது. பம்பைக்குப் பின்னால் வெற்றிவேல் வாயை மூடிக்கொண்டு மெட்டை முனகிக்கொண்டிருந்தான்.

கோபிநாத் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தான். பிறகு வேலையைத் தொடங்கினான்.

அவனிடம் இரண்டு ஈக்வலைசர்கள் இருந்தன. ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, வேண்டியதை ஏற்றவும் வேண்டாததை இறக்கவும் உதவும் பிளகின்கள். ஒன்று கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. அதில் நாலே குமிழ்கள். முனகல் இருந்த பட்டையை இறக்கினான். முனகல் போய்விட்டது. கூடவே தோலில் குச்சி விழும் சத்தமும் போனது. அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது பம்பை.

இன்னொன்று லாஸ்பேட்டை நண்பன் காப்பியடித்துக் கொடுத்தது. திரையில் ஒரு கோடு வரும். கோட்டை ஊசி அகலத்துக்குக் கிள்ளி இறக்கலாம். குரல் இருந்த இடங்களில் மட்டும் கிள்ளினான். பம்பை உயிரோடு இருந்தது. முனகல் நூலாக மிஞ்சியது. பிறகு கீழ்ப்பட்டையை ஏற்றினான். அடியின் கனம் அறையை நிறைத்தது. நூல் அதற்குள் போய்விட்டது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். இல்லை.

முதல் பிளகினை மறுபடியும் போட்டுப் பார்த்தான். அட்டைப் பெட்டி. அந்தப் பம்பைக்கு மைக் வைக்க ஒரு பகல் முழுவதும் இடம் தேடியிருந்தான். இப்படி ஒரு பம்பைச் சத்தம் இந்தப் பக்கத்துச் சிடி எதிலும் வந்ததில்லை. முதல் பிளகினைக் கழற்றிவிட்டான்.

திருவிழாக் குழுத் தலைவர் பஞ்சநாதன் வந்து பாட்டைக் கேட்டார். பெரிய ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நெஞ்சுல வந்து மோதுதுடா. நாகஸ்வரம் இல்லாம அந்த எடம் மொட்டையா இருக்குமோன்னு பாத்தேன். பம்பையே போதும்."

"வேற ஏதாச்சும் கேக்குதா மாமா?"

"வேற என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல."

சிடியை வாங்கிக்கொண்டு போனார்.

கொடியேற்றத்தன்று காலையில் கோபிநாத் அரியாங்குப்பத்தைத் தாண்டும்போதே பாட்டு காதில் விழுந்தது. ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினான். ஒவ்வொரு கம்பத்திலும் கூம்புக் குழாய். கூம்பில் கீழ்ப்பட்டையின் கனம் வராது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும் தெரியும். அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது அது அவன் நினைப்பில் வரவில்லை.

இரண்டாம் சரணம் முடிந்தது. பம்பை மட்டும் வந்தது. ஏற்றி வைத்த கனம் முழுவதும் உதிர்ந்திருந்தது. மிஞ்சியது குச்சிச் சத்தமும், நடுவே அந்த முனகலும். முதலில் அவன் தலைக்கு மேலிருந்த குழாயில் வந்தது. சற்றுப் பிந்தி அடுத்த கம்பத்தில். பிறகு அதற்கடுத்ததில். கடைசியாகக் கடற்கரைப் பக்கம்.

தெருமுனைத் தண்ணீர்க் குழாயில் இரண்டு பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி, அது வெற்றிவேலு இல்ல?"

"சும்மா கெட. கொடத்தப் பாரு, வழியுது."

கோபிநாத் போனபோது சிவசங்கரி தன் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் பாதி பிழிந்த துணி. எதிர்க் கம்பத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டன்னு நெனச்சேன்," என்றாள்.

"எடுத்தேன் அண்ணி."

"பின்ன இது யாரு?"

கோபிநாத் மைக் செட் போட்டிருந்த அம்மாவாசையிடம் ஓடினான்.

"இந்தப் பாட்ட மட்டும் நிறுத்துங்கண்ணே."

"நீ போட்ட பாட்ட நீயே நிறுத்தச் சொல்றியா? ஊரே இதத்தான் திருப்பிப் போடு திருப்பிப் போடுன்னுது. போய்ப் பொங்கல் வாங்கித் துன்னு."

கோபிநாத் முத்தியால்பேட்டைக்குத் திரும்பினான். கோட்டுப் பிளகினைக் கழற்றினான். நாலு குமிழ்ப் பிளகினைப் போட்டான். அந்தப் பட்டையை அடிவரைக்கும் இறக்கினான். கீழ்ப்பட்டையை ஏற்றவில்லை. இந்தமுறை ஹெட்போனை நம்பவில்லை. கூம்பைப் போலவே கனம் வராத, அம்மாவின் பழைய டிரான்சிஸ்டர் ஸ்பீக்கரில் இணைத்துக் கேட்டான். அதிலும் முனகல் இல்லை. சிடி எழுதி எடுத்துக்கொண்டு வெயில் தாழ்வதற்குள் வந்து சேர்ந்தான்.

அம்மாவாசை ஒருதடவை ஓடவிட்டார். "என்னடா இது? பம்பையத் தண்ணியில ஊறப் போட்டியா?"

பஞ்சநாதன் கோயில் வாசலிலிருந்து வேகமாக வந்தார். "நல்லா இருந்ததக் கெடுத்துட்டியேடா!"

"அதுல அண்ணன் கொரல் இருந்துச்சு மாமா. அண்ணி வூட்லயே இருக்காங்க."

பஞ்சநாதன் குழாயைப் பார்த்தார். காலையிலிருந்து அவரும் கேட்டிருப்பார். "சரி, இதையே போடு," என்று அம்மாவாசையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கோபிநாத் சிவசங்கரியின் வீட்டுக்கு நடந்தான். அவள் அதே படியில் இருந்தாள். துணியைக் காணோம். இருவரும் குழாயைப் பார்த்து நின்றார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. பம்பை அட்டைப் பெட்டியாக அடித்தது. நடுவே ஒன்றுமில்லை. மூன்றாம் சரணம் தொடங்கியது.

"போயிடுச்சு அண்ணி."

"இருக்கு," என்றாள்.

"இல்ல அண்ணி."

"அடுத்த வாட்டி வரட்டும். கேளு."

பாட்டு திரும்ப வந்தது. அந்த இடம் நெருங்கியதும் அவள் ஒரு கையைத் தூக்கினாள். கோபிநாத் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். கட்டைச் சத்தம். கூம்பின் இரைச்சல். கடல். வேறொன்றும் இல்லை. அவள் உதடுகள் மூடியிருந்தன. தலை மெட்டுக்கு மெல்ல அசைந்தது. மெட்டு முடிய வேண்டிய இடத்தில் நின்றது. கையை இறக்கினாள்.

"கேட்டியா?"

"அண்ணி, சத்தியமா எடுத்துட்டேன். துளிகூட இல்ல."

"நீ எடுத்துட்ட தம்பி. ஒன்ன ஒண்ணும் சொல்லல," என்றாள். "இருக்கு."

விளக்கு வைக்கும் நேரம். காற்று கிளம்பி மணலை வாரி வீடுகளுக்குள் இறைத்தது. தெருவில் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோபிநாத் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சிவசங்கரி துணி துவைக்கும் கல்லை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். கதவை அகலத் திறந்தாள். காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அந்தக் கல்லை முட்டுக் கொடுத்தாள்.