எந்த முனை முதலில்

அலறியது அலாரம். ஆய்வுக்கூடத்தின் கடிகாரத்தைக் கவனிக்கும் கடிகாரக்காரி திடுக்கிட்டு எழுந்தாள். காலை மணி பதினொன்று.

"உன் கடிகாரத்துக்கு வாராவாரம் காய்ச்சல் வருதேம்மா. சோதனையோட கடைசி நாள் கூட விட மாட்டேங்குது," என்று சிரித்தார் லேசரைக் கவனிக்கும் அண்ணன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு ஆய்வுக்கூடத்தில் கடிகாரத்தைக் கவனிப்பவன் அவள் கணவன். ஒன்பது மாதமாகத் தனித்தனி வீடு.

நடுவில் ஒரு நிலையத்தில் ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறந்து, ஆளுக்கொரு முனைக்கு ஓடிவரும். அளக்கும்வரை எதன் நிலையும் முடிவாகாது. அளந்தால் இரண்டு விடைகளும் பொருந்தி நிற்கும். எது முதலில் முடிவாகி மற்றதை முடிவுசெய்தது? பார்வையாளர்கள் கேட்டால் அவள் சொல்வாள்: "இந்தப் பக்கம் பறக்கிற ராக்கெட்ல இருந்து பார்த்தா இது முதல்ல. அந்தப் பக்கம் பறந்தா அது முதல்ல. ரெண்டும் சரி."

வீட்டில் மட்டும், யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்ற சண்டை தீரவே இல்லை. இருவரும் பெட்டி கட்டினார்கள்.

எந்தத் துகள் எதன் ஜோடி என்று அறிய இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்; விலகினால் இரண்டு முனையிலும் அலாரம் அடிக்கும். தொலைபேசியில் பேசித்தான் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. அதனால் வாரம் ஒருமுறை, அளவெடுப்பு நடக்காத காலை பத்து மணிக்கு, தன் கடிகாரத்தை இம்மியளவு தள்ளிவிடுவாள். ஐந்து நிமிடம் அவன் குரல் கேட்கும். வெறும் எண்கள்தான். அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

இன்று மாலை இரு கூடங்களையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். கடைசி நாளாவது சுத்தமாக இருக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு தொடாமல் இருந்தாள். பிறகு எப்படி அலாரம் அடித்தது?

தொலைபேசி அடித்தது.

"விலகல் எவ்வளவு?" அவன்தான்.

"நாற்பது நானோ நொடி."

"சரி. மூணு எண்ணினதும் அழுத்து. ஒண்ணு..."

"இருங்க. இத்தனை நாளா நான்தான் கலைச்சேன். உங்க குரலைக் கேக்க வேற வழி தெரியலை. ஆனா இன்னைக்கு நான் தொடவே இல்லைங்க."

அண்ணன் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார்.

"தெரியும். பத்து மணியிலேருந்து காத்திருந்து பார்த்தேன், நீ தொடலை. அதான் நான் தொட்டேன்."