அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பாட்டில்

மரியகொரெட்டியின் பிடிவாதம் ஊரறிந்தது. போர்ட்டிக்சன் கடலில் வலை இழுத்துப் பிடித்த கடற்புழுக் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இவை இரண்டும் வேறு வேறு இனம் என்று ஒரே சாதிப்பு. ஒன்றுக்கு உடம்பு நெடுக நீண்ட முள். மற்றது மொழுமொழுவென்றிருந்தது. "ஒரே புழுவோட ரெண்டு வயசா இருக்கும்மா" என்றார் பேராசிரியர். அவள் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பல்கலைக்கழகத்துக்கு மரபணுச் சோதனை வந்திருந்தது. அதுவே சொல்லட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அவளுடைய முதுகலை ஆய்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

அந்தச் சனிக்கிழமை பிடித்ததை இரண்டாகப் பிரித்தாள். ஃபார்மலினில் போட்டால் உருவம் குலையாது, மரபணு பாழாகிவிடும். சாராய நெடி அடிக்கும் ஸ்பிரிட்டில் போட்டால் மரபணு தங்கும், உருவம் சுருங்கிவிடும். அதனால் இதில் பாதி, அதில் பாதி. இரவு அப்பா அம்மாவின் தோட்டத்து வீட்டில் தங்கியவள், வெயில் படாத இடமாகப் பார்த்து ஸ்பிரிட் பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

இத்தனை பெரிய வீட்டில் வேறு இடமா இல்லை! அவள் அப்பா ராயப்பன் ஒரு காலத்தில் சம்சு சாராயம் ஒளித்து வைத்த மூலை அது. மாதா முன்னால் சத்தியம் செய்து குடியை விட்டவர் அவர்.

காலையில் குளித்துவிட்டு வந்த கொரெட்டி பின்வாசலில் அம்மாவின் சத்தத்தைக் கேட்டாள்.

"பூசைக்குப் போற நாளுலகூடவா? இந்த வாய்தானே சத்தியம் பண்ணுச்சு?" சூசையம்மாள் பாட்டிலைக் கால்வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்ல சூச" என்றார் ராயப்பன்.

"தொடலையாம் லா! நாத்தம் மண்டைய ஒடைக்குது, அடியில கசடு வேற."

"அம்மா! அது என் புழு!"

சூசையம்மாள் கால்வாயில் குனிந்து தேடினாள்; எல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார். ஒரு வார்த்தை கேட்காமல் குடிகாரன் என்று முடிவு கட்டினாளே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து மனைவியோடு பேச்சில்லை. போன புழுவுக்கு ஒரு மூச்சு அழுத கொரெட்டிக்கு இந்த மௌனம் அதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் வலை இழுத்தாள். இந்த முறை பாட்டில் வீட்டுப் பக்கமே வரவில்லை. சில மாதம் கழித்து சோதனை முடிவோடு பஸ் ஏறி வந்தாள்.

"ரெண்டும் ஒரே புழுதாம்ப்பா. சின்னதுல முள்ளு இருக்கு, வளந்தா விழுந்துருது. பேராசிரியர் சொன்னதுதான் சரி. நான் உருவத்தப் பாத்து ஏமாந்துட்டேன்."

ராயப்பன் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சூச, கேட்டியா? கண்ணாடி வச்சிப் பாத்தவளே ஏமாந்துட்டா. ஒன்னச் சொல்லி என்னா பண்ண? தேத்தண்ணி போடு லா."

சூசையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் வைத்தாள். தோற்றுப்போய் வந்த கொரெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.