உமரித் தண்டு

கட்டினவன் மலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் திரும்பாமல் இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரிச்சல் வராது? மாதம்மாளுக்கும் வந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு கிடந்த சென்றாயனை, மாற்றலாகிப் போன ஒரு ரேஞ்சர் கையோடு கூட்டிப்போய்க் கோடிக்கரைக் காட்டில் காவலுக்குப் போட்டுவிட்டார். போனவன் போனவன்தான்.

அவளுடைய அண்ணன் காளியண்ணன் தேவனூர் நாட்டில் வேறு மாப்பிள்ளையே பார்த்து வைத்துவிட்டான். ஆனால் அவர்கள் வழக்கப்படி, புருஷன் சாட்சி முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்தால்தான் கட்டு அறும். வைக்கோலா, குச்சியா என்று யாரும் கேட்பதில்லை. கையில் விழுந்தால் தீர்ந்தது.

அதை வாங்கத்தான் இருவரும் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, பஸ்ஸும் ரயிலுமாகக் கோடிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மாதம்மாளுக்குத் துரும்பு வேண்டாம், புருஷன்தான் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வீறாப்பு விடவில்லை.

வந்ததும் வராததுமாகப் பேச வேண்டாம், சோறு தின்றபின் கேட்கலாம் என்று காளியண்ணன் சொல்லியிருந்தான். ஒன்றும் தெரியாத சென்றாயனோ, பெண்டாட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டான். கடற்கரை மணலில் நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டான். இத்தனை தண்ணீர் இருந்து என்ன, ஒரு வயலுக்குப் பாயுமா என்றாள் அவள்.

அங்கிருந்து உப்புச் சதுப்புக்கு அழைத்துப் போனான். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவற்றை விரட்டக்கூடாது, சுடக்கூடாது, அதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்றான். காளியண்ணன் சேற்றைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தான். கால் வைத்த இடமெல்லாம் குட்டை குட்டையாக ஒரு செடி. சென்றாயன் குனிந்து அதில் ஒரு தண்டைப் பட்டென்று கிள்ளி, மாதம்மாளின் கையில் வைத்தான்.

அவள் சட்டென்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாங் கண்ணால பாத்துட்டேன்,” என்றான் காளியண்ணன். “நாங் கேக்காமயே மாப்பிள்ளை குடுத்துட்டாரு. முடிஞ்சுது. வா கண்ணு, போலாம்.”

அப்போதுதான் சென்றாயனுக்கு உறைத்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. இது உமரி, உப்புக் கரிக்கும், தின்னத்தான் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தான், குழறியது. குழறாவிட்டாலும் யார் கேட்பார்கள்? கிள்ளியது கிள்ளியதுதான், சாட்சியும் இருக்கிறது.

மாதம்மாள் கையிலிருந்ததைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தண்டை அப்படியே வாயில் போட்டு மென்றாள். உப்பு நாக்கைப் பிடுங்கியது. விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“துரும்ப யாராச்சும் திம்பாங்களாண்ணா? அவரு கீரை குடுத்தாரு. தின்னுபோட்டேன்.”

காளியண்ணன் குதித்தான். தேவனூர்க்காரனுக்கு என்ன பதில் சொல்வது, மலையில் எப்படித் தலைகாட்டுவது என்று கத்தினான். அவள் காதிலேயே வாங்கவில்லை.

“இன்னுங் கொஞ்சம் குடுங்க,” என்றாள் புருஷனிடம்.

லீவு கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு வருஷத்தை ஓட்டிய மனுஷன் குனிந்தான். கிள்ளப் போன விரல் நின்றது. செடியை வேரோடு பிடுங்கி, சேறு சொட்டச் சொட்ட அவள் கையில் கொடுத்தான்.

“ரேஞ்சர்கிட்டச் சொல்லிப்போட்டு, உங்கூடவே ஊட்டுக்கு வாரேன்,” என்றான்.