பதின்மூன்றாவது ஆள்

ஒன்பதாம் நம்பர் பஸ் நாலு வருஷத்தில் பதினொரு ஸீட் நீளம் வளர்ந்தது. டிப்போக்காரர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். வளர்ச்சி என்று எழுத அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகையால் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி வைத்தார்கள். ஆபீஸ் காகிதம் எல்லாம் அப்படித்தான்.

நிற்பவர் பன்னிரண்டு பேர் என்று கதவுக்கு மேலே எழுதியிருந்தது. கண்டக்டருக்கு அதுதான் வேதம். ‘பன்னெண்டு’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஒரு நாள் காலை பதினொரு பேர் நிற்கும்போது, டயாலிசிஸுக்குப் போகும் புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தையல்காரி வந்தாள்.

“ஒருத்தருக்குத்தான் எடம்மா.”

“இவர ஏத்திக்கங்கண்ணே. நான் பின்னாடியே ஓடி வந்துடறேன்.”

சும்மா சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். பன்னெண்டு அவளையும் ஏற்றினார். வண்டியின் பின்பக்கம் கிறீச்சென்றது. போய்ப் பார்த்தால் கடைசியில் புதிதாக ஒரு ஸீட், நம்பர்கூடப் போட்டிருந்தது. புருஷனுக்கு முன்னால் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். புது ஸீட்டில் அவள் உட்கார்ந்தாள். அது அவளுக்கு நிரந்தரம் ஆயிற்று.

விஷயம் பரவியது. முட்டிவலி, பரீட்சை, வேலைக்கு நேரமாச்சு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பன்னெண்டு இன்னும் பத்துத் தடவை இளகினார். நிஜமாகக் கஷ்டப்பட்டவர் ஏறினாலும் வண்டி வளர்ந்தது. புளுகியவர் ஏறினாலும் வளர்ந்தது. இரக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பதினோராவது ஸீட் முளைத்த அன்று ஆஸ்பத்திரி முக்கில் வண்டி திரும்பாமல் குறுக்கே நின்றது.

“இதுக்கு மேல ஒடிக்க முடியாதுய்யா. இது பஸ்ஸா, ரயிலா?” என்றார் டிரைவர்.

தையல்காரியின் புருஷன் மீதி வழியை நடக்கப் பார்த்து, மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். போய்ச் சேர்வதற்குள் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை தவறினால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

மறுநாள் பன்னெண்டு அந்தப் பத்துப் பேரையும் இறக்கினார். முதலில் முட்டிவலிக்காரன், அவருடைய சொந்தத் தம்பி.

“பன்னெண்டு ஆயிடுச்சு. எறங்குடா.”

“கூடப் பொறந்தவனுக்கே எடமில்ல. நீயெல்லாம் ஒரு அண்ணன்!”

அவன் இறங்கிய நொடியில் அவன் ஸீட் காணாமல் போயிற்று. அப்படியே மற்றவையும். யார் புளுகு, யார் நிஜம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. இறக்கப்பட்டவர்களில் ஒருத்தி சமையல்காரி. தாமதமாகப் போனதில் வேலை போயிற்று. அவள் இன்றும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதற்கு அடுத்த நாள் தையல்காரி ஸீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். “எனக்கு மட்டும் எதுக்குண்ணே?”

“உக்காரும்மா” என்றார். ஆஸ்பத்திரி முக்கில் வண்டி திரும்பியது.

இன்றைக்கும் ஒன்பதாம் நம்பர் விதியைவிட ஒரு ஸீட் நீளம். வாரத்தில் மூன்று நாள் அது தையல்காரிக்கு. மற்ற நாட்களில் பன்னெண்டு கதவருகே நின்று முகம் முகமாகப் பார்த்துப் பதின்மூன்றாவதாக ஒருவரை ஏற்றுகிறார். சில நாள் தப்பான ஆளை. முக்கில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் சுவரை உரசும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.