சிக்னல் விட்டுப்போகும் வீடு

தம்பியின் நீலச் சட்டைக்கு அக்கா வலது கைப் பித்தானை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் மாமா குனிந்து அவள் காதைக் கடித்தார்.

“வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தன், ஒருத்தி. யாருன்னு கேட்டா முழிக்கிறாங்க.”

“அவன் வேலை பாத்த கடையிலேருந்து வந்திருப்பாங்க மாமா.”

“கடைக்காரங்கதான் காலையிலயே வந்துட்டுப் போயிட்டாங்களே. இவங்களுக்கு அவன் பேரே தெரியல. செத்தவன் பேர் தெரியாம துக்கம் கேக்க வர்றவங்களை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் அவருக்குச் சம்பளத்தோடு வந்த பழக்கம். சம்பளம் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் இன்றைக்கு அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக அக்காவுக்குத் தோன்றியது. தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மிஷினோடு வேலை, மிஷினோடு வீடு. அவனைத் தேடி இந்த வாசலுக்கு ஒரு ஆள் வந்து அவள் பார்த்ததில்லை.

பித்தானை மாட்டிவிட்டு எழுந்து போனாள். வண்டி மூன்று மணிக்கு வரும். இப்போது பன்னிரண்டரை.

வந்திருந்த ஆள் ஆறடி உயரத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சட்டைப் பையில் ஏதோ பள்ளிக்கூட வேனின் பெயர் தைத்திருந்தது. கூட வந்த பெண்ணுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கலாம். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவர்கள் போடும் பச்சை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

“டவர் சார் வீடு இதுதானே?” என்றார் வேன்காரர்.

“டவரா?” மாமா அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தார். “செல்போன் கம்பெனியா நீங்க?”

“இல்ல சார். நாங்க அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆன்லைன்ல பழக்கம். நேர்ல பாத்ததில்ல.”

மாமா அக்காவைப் பார்த்தார். நான் சொன்னேனா இல்லையா என்கிற பார்வை.

“இந்த அட்ரஸ் உங்களுக்கு யார் குடுத்தா?” என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்கதான்க்கா.”

“நானா?”

“நேத்து சாயங்காலம் அவரோட மைக் ஆன்லயே இருந்துச்சு. திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் நீங்க கதவைத் திறந்தது, அவரை உலுக்கினது, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணி வீட்டு நம்பர் சொன்னது எல்லாமே எங்களுக்குக் கேட்டுச்சு. எழுதி வெச்சுக்கிட்டேன்.”

அக்காவுக்கு உடம்பு கூசியது. நேற்று ஆறு மணிக்கு அவள் போட்ட அந்தக் கூச்சலை நாலு சுவர் மட்டும்தான் கேட்டது என்று நினைத்திருந்தாள். முகம் தெரியாத யார் யாரோ காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

வேன்காரர்தான் விளக்கினார். அது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. இருபது பேர், அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். ஒன்றோடு ஒன்று மோதாமல் யார் எப்போது இறங்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் டவர்.

“எங்க எல்லாரையும் வாயாலயே சொல்லிச் சொல்லி இறக்கிவிடுவார்க்கா. அவர் மாதிரி தெளிவாப் பேச ஆளே கிடையாது. ஒரு வார்த்தை பிசிறாது.”

அந்த இடத்தில் அக்காவின் சந்தேகம் உறுதியானது.

தம்பிக்குத் திக்குவாய். வகுப்பில் வாத்தியார் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அவன் ‘உள்ளேன்’ சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மூன்று பெயருக்குப் போயிருப்பார். ஓட்டலில் தண்ணீர் கேட்க வேண்டுமென்றால்கூட அக்கா முகத்தைத்தான் பார்ப்பான். அவன் முதல் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போதே அவள் மீதியைச் சொல்லிவிடுவாள். ஐந்து வயது மூத்தவள்; சின்ன வயதிலிருந்து வந்த வேலை. பிறகு அதுவே அவளுக்குப் பிழைப்பும் ஆனது. குடிநீர் வாரிய அலுவலகத்தில் போனில் புகார் எடுக்கிறாள். ‘எங்க தெருவுல’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘தண்ணி வரல, எந்தத் தெரு?’ என்று முடித்துவிடுவாள். ஒரு நாளைக்கு நூறு பேர். யாரையும் முழு வாக்கியம் பேசவிட்டதில்லை.

அவன் பிசிறில்லாமல் பேசினானாம். இருபது பேருக்கு. யாரிடம் கதை அளக்கிறார்கள்? ஒன்று இவர்கள் வீடு மாறி வந்திருக்கிறார்கள், இல்லை வீட்டை நோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள்.

“முதல்ல முகத்தைப் பாருங்க,” என்றாள். பார்க்கட்டும். யார் முகம் மாறுகிறது என்று அவளும் பார்ப்பாள்.

கூடத்தில் இரண்டு பேரும் அவன் கால்மாட்டில் நின்றார்கள். அந்தப் பெண், “இவர்தானா?” என்று மெல்லக் கேட்டாள். அப்படிக் கேட்டதே அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. வேன்காரர் எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“இவரை நான் பாத்திருக்கேன்.”

“இப்பதானே பாத்ததே இல்லைன்னீங்க?” மாமா பாய்ந்து பிடித்தார்.

“போன வருஷம் எல்லாரும் நேர்ல சந்திக்கலாம்னு முடிவு பண்ணோம் சார். இவர் வரவே மாட்டேன்னார். வீடு வேற, டவர் வேறன்னு சொல்லிட்டே இருப்பார். கெஞ்சினதுக்கு அப்புறம் வர்றேன்னார். டீக்கடையில பதினோரு பேர் ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தோம். வரல. ஆனா பக்கத்து மேஜையில ஒருத்தர் இதே நீலச் சட்டையில தனியா உக்காந்திருந்தார். எங்க பேச்சைக் கேட்டுச் சிரிச்சார். சர்க்கரை டப்பாவை எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்.” வேன்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “இந்தக் கையாலதான்.”

அக்காவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருந்தது. இதே சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். எங்கேடா என்றதற்கு அவன் ‘ஃப்... ஃப்...’ என்று நின்றபோது, “ஃபோன் ரிப்பேரா? சரி, போயிட்டு வா” என்று அனுப்பி வைத்தாள். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து சட்டையை மடித்துப் பீரோவில் வைத்தான். பிறகு போடவே இல்லை.

இருந்தாலும் மனசு இடம் கொடுக்கவில்லை. நீலச் சட்டை ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும்.

“அவன் குரல் ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்றாள்.

அந்தப் பெண் போனை எடுத்தாள். அக்கா இரண்டு பேரையும் தம்பியின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி நேற்று இழுத்துப்போட்ட இடத்திலேயே கிடந்தது. ஹெட்போன் மேஜை விளிம்பில் தொங்கியது.

போனில் முதலில் இரைச்சல். பிறகு ஒரு குரல்.

“நாற்பத்தி ரெண்டு, உன்னைப் பாத்துட்டேன். பயப்படாதே. காத்து இடது பக்கத்துலேருந்து அடிக்குது, மூக்கைக் கொஞ்சம் இடது பக்கமே திருப்பி வெச்சுக்கோ. ஓடுபாதை உனக்காகக் காலியா இருக்கு. அவசரமே இல்ல. நீ இறங்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

அவன்தான். தொண்டையில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரியான அதே குரல். வார்த்தைகள் ஒன்றின் பின் ஒன்றாக, இடித்துக்கொள்ளாமல் வந்து இறங்கின. அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள்.

அப்போது போனுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு பெண் கத்தினாள். “டேய், சாப்பாடு ஆறுது! வர்றியா இல்லையா?”

அது அவள் குரல்.

“வ... வ... வர்... வ...”

யாரோ சிரித்தார்கள். “டவர், உங்க சிக்னல் விட்டு விட்டு வருது. டவர்?”

கதவு திறக்கும் சத்தம். அவள் குரல் இப்போது பக்கத்தில். “ஒரு வர்றேனுக்கு இவ்வளவு நேரமா? அஞ்சு நிமிஷத்துல வர்றே, அதானே? சரி.” கதவு மூடியது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு அந்தத் தெளிவான குரல். “சிக்னல் வந்துடுச்சு. நாற்பத்தி ரெண்டு, எங்கே இருக்கே?”

“நாற்பத்தி ரெண்டு நான்தான்க்கா,” என்றாள் அந்தப் பெண்.

வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இதை வெச்சு அவரை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கோம் தெரியுமா? வீட்ல யாராவது கூப்பிட்டாப் போதும், கரெக்டா அப்பதான் சிக்னல் போகும். ஏன்க்கா அப்படி?”

அக்கா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டு கேட்கிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்றவள் முகத்திலும் இல்லை. அவன் அதை அவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருக்கிறான்.

“இந்த வீட்ல சிக்னல் அப்படித்தான்,” என்றாள். “சுவரெல்லாம் கனம்.”

கதவைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே வந்தார். “என்னம்மா, இன்னும் என்ன விசாரணை? இவங்க சொல்றது ஒண்ணுமே ஒட்டலையே. தெளிவாப் பேசுவானாம்! இவனுக்குப் பேச்சே—”

“பேச்சே உயிரு. அதானே மாமா சொல்ல வர்றீங்க?”

மாமா வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்களின் முகம் அவருக்கு அத்துப்படி. இரண்டு நொடி பார்த்தார். பிறகு, “ஆமா, உயிரு,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது அந்தப் பெண் முன்னால் வந்தாள்.

“ஒரு நிமிஷம். நான் அவர்கிட்ட... நான் வந்து...”

அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வேன்காரர் உதவிக்கு வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெளியே வண்டி ஒருமுறை ஹாரன் அடித்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

“நான்... சார், நான்...”

அக்காவின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது அந்த மீதி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.