பெல்ட்ட நிறுத்தினது நான்தான்

அக்கா, தூங்கிட்டியா? மெக்கானிக் மாமா இன்னும் ஃபேக்டரிலதான் இருக்காரு. மருந்து ஊத்துற மெஷின அக்குவேறா ஆணிவேறா கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. அதுல ஒரு கோளாறும் இல்ல. எனக்குத் தெரியும். பாட்டில்ல முடி கெடக்குன்னு சொன்னதே நான்தான். அப்படி ஒரு முடியே கெடையாது.

அவசர அவசரமா டைப் பண்றேன். தப்பும் தவறுமா இருந்தா கண்டுக்காத.

என் வேலைய உனக்கு ஒழுங்கா சொன்னதே இல்லல்ல? இருமல் மருந்து பாட்டில் பெல்ட்டுல வரிசையா வரும். பின்னாடி வெள்ளை லைட்டு. உள்ள தூசி துரும்பு தெரிஞ்சா சிவப்பு பட்டன அமுக்கி பெல்ட்ட நிறுத்தணும். மெஷின் சத்தத்துக்கு எல்லாரும் காதுல பஞ்சு வெச்சிருப்போம். அதனால பக்கத்துலயே ஆளுங்க இருந்தாலும் ஒரு வார்த்தை கேக்காது. ரூமுக்கு வந்தா கூட இருக்கறவளுக்கு நைட் ஷிஃப்ட். அவ போர்வைய மடிக்கிற விதம் எனக்குத் தெரியும், முகம் சரியா ஞாபகம் இல்ல.

பெல்ட் நின்னா மட்டும் எல்லாரும் பஞ்சப் புடுங்குவாங்க.

"மகாராணி மறுபடியும் தேர நிறுத்திட்டாங்கடோய்!"னு லேபிள் ஒட்டுற அண்ணன் கத்துவாரு.

உடனே மூடி போடுற அக்கா, "அவளுக்காவது கண்ணு தெரியுது. நீ ஒட்டுற லேபிளப் பாத்தா குடிச்சவன் நடந்த மாதிரி இருக்கு"ம்பாங்க.

எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். யாராவது ஒருத்தர் என்னப் பாத்து, "சாப்பிட்டியாடி?"ம்பாங்க.

அதுக்குத்தான் அமுக்கினேன். முதல் தடவ நெஜமாவே தூசி. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல.

பழைய சூப்பர்வைசரா இருந்தா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பாரு. நானும் அழுதுட்டு அதோட விட்டிருப்பேன். இப்ப இருக்கற மேடம் புதுசு. இன்னிக்கு மறுபடியும் நிறுத்தினதும் நேரா எங்கிட்ட வந்தாங்க. லேபிள் அண்ணன், "செத்தடி நீ"ன்னு முணுமுணுத்தாரு. மேடம் குனிஞ்சு, என் கண்ணு எந்த உயரத்துல இருக்கோ அங்க அவங்க கண்ண வெச்சு அந்த லைட்டப் பாத்தாங்க.

"என்னம்மா பாத்த?"

கோவமே இல்லக்கா. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. "முடி மாதிரி... ஏதோ"ன்னேன்.

"எல்லாத் தடவையுமா?"

ஆமான்னு தலைய ஆட்டித் தொலைச்சுட்டேன்.

இன்னிக்குப் போட்ட பாட்டில் அத்தனையும் லாரில ஏத்தாம நிறுத்திட்டாங்க. மேனேஜர் ஓடி வந்து தையா தக்கான்னு குதிச்சாரு. "இந்த வாண்டு பேச்சக் கேட்டு லோட நிறுத்துவீங்களா?"

"காரணம் இல்லாம இந்தப் பொண்ணு அமுக்காது சார். அது என்னன்னு நான் கண்டுபிடிக்கிறேன். ஒண்ணுமில்லன்னா பழி என் மேல."

என்ன வெச்சுக்கிட்டே சொன்னாங்க. அப்பவே வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல.

ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது மேடம் என்ன கேட் பக்கத்துல நிறுத்தினாங்க. "இதுவரைக்கும் பாத்ததுல ஒண்ணும் கெடைக்கலம்மா"ன்னாங்க. நான் அவங்க செருப்பையே பாத்துட்டிருந்தேன். "பயப்படாத. நாளைக்கு உன் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காரப் போறேன். நீ பாக்கறத நானும் பாக்கணும்"னு சொல்லி தோள்ல கை வெச்சாங்க.

இங்க வந்ததுலேர்ந்து என்ன யாரும் தொட்டதில்லக்கா. நடந்து வரும்போது வழி பூரா அந்தத் தோள் மட்டும் கனமா இருந்துச்சு.

சொல்லலன்னா அந்த மேனேஜர் அவங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு. சொன்னா என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அனுப்பட்டும், அதக் கூட விடு. பாட்டில்ல ஒண்ணுமில்ல மேடம், யாராவது பேசறது காதுல விழணும்போல இருந்துச்சு, அவ்ளோதான்னு நான் சொன்னா, அதுக்கப்புறமும் அவங்க என் பக்கத்துல உக்காருவாங்களா?