கோணல் தட்டு

பர்ஸ்லம் ஊரில், ஹேமர்ஸ்லியின் பீங்கான் ஆலையில், கோணலைக் கண்டுபிடிப்பதுதான் கெசையாவின் வேலை. தட்டில் ஒட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். அந்தக் கண்ணுக்கு முதலாளியே பயப்படுவார்.

அப்புறம் ஊருக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்தது. லண்டன் சீமாட்டிகளுக்கு நாரை வேண்டுமாம், மூங்கில் வேண்டுமாம், விசிறி வேண்டுமாம். ஜப்பானைப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. படம் செதுக்குபவர் பக்கத்து வீட்டு வாத்தைப் பார்த்து நாரை வரைந்தார்.

அச்சடித்த தாளைத் தட்டில் ஒட்டுபவள் கெசையாவின் தங்கை டார்க்கஸ். ஊர் வழக்கப்படி திங்கள் முழுக்கக் குடித்துவிட்டு, செவ்வாயன்று நடுங்கும் கையோடு வந்தாள். நாரை தலைகீழாக நின்றது. பாலம் வானத்தில் தொங்கியது. கெசையா அத்தனையையும் ஒதுக்கினாள். அந்தக் குவியலைப் பார்த்து முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாம்மா ஜப்பான்!"

லண்டனிலிருந்து ஆர்டர் வந்து குவிந்தது. ஆனால் அதற்குள் டார்க்கஸ், இனிக் குடிப்பதில்லை என்று தேவாலயத்தில் சத்தியம் செய்துவிட்டாள். அதற்காகத்தான் கெசையா இத்தனை வருடம் அழுது, அடித்து, காலில் விழுந்து போராடியிருந்தாள்.

முதலாளி புதுத் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இது, நாரை போலீஸ்காரன் மாதிரி நிக்குது?"

"வேணும்னே கோணலா ஒட்டிப் பாத்தேன் முதலாளி. நேராத்தான் வருது" என்றாள் டார்க்கஸ்.

முதலாளி ஒரு ஜாடி பீர் கொண்டுவந்து வைத்தார். "கம்பெனிக்காகக் குடிம்மா. இல்லேன்னா அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குப் போயிடுங்க."

டார்க்கஸின் கை தானாக நீண்டது.

"தொட்டேன்னா கையை ஒடிச்சிடுவேன்டி!" ஒரு சொட்டு பீர்கூடக் குடித்தறியாத கெசையா ஜாடியைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு தாளை எடுத்து ஒட்டத் தொடங்கினாள். நாரை தட்டைவிட்டுப் பாதி வெளியே போனது. முதலாளி கைதட்டினார்.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் கெசையா குடித்துவிட்டு ஒட்டுகிறாள். அவள் இடத்தில் உட்கார்ந்து டார்க்கஸ் நேரான தட்டுகளை ஈவிரக்கமின்றி ஒதுக்குகிறாள். மாலையில் அக்காவைத் தோளில் தாங்கி வீட்டுக்கு இழுத்துப் போகிறாள்.

"நீயும் சத்தியம் பண்ணுக்கா. என்னைப் பாரு, நான் திருந்தலையா?"

கெசையாவுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. எதிரே இரண்டு டார்க்கஸ் தெரிந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேரும் நேராக நின்றார்கள், ஒரு நூல்கூடச் சாயவில்லை.